ஐப்பசி 1181: இறப்பு ஒன்று

கேன்டீனில் இட்லியைப் பிட்டுக்கொண்டே "இன்றைக்கு யார் செத்தது?" என்று கேட்கும் வேலை என்னுடையது. ஒருவகையில் நல்ல வேலைதான். செத்தவர்கள் எல்லோரும் செத்து எண்ணூற்று எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். துக்கம் கேட்கப் போக வேண்டியதில்லை.

ஆனால் நிம்மதியாக உட்கார முடியாத வேலை. டீ குடிக்க எழுந்து போனால், அந்தப் பத்து நிமிடத்தில் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்றாம் ஆண்டில் பத்து நிமிடம் போய்விடும். திரும்ப வராது. என் தம்பி சேவுகனுக்கு இதைப் புரியவைக்க ஒருநாள் போனில் படாதபாடு பட்டேன்.

"நீ சலூன்ல கண்ணாடி முன்னாடி உக்காந்தா உன் மூஞ்சி தெரியுதுல்ல? உன் மேல பட்ட வெளிச்சம் கண்ணாடிக்குப் போயித் திரும்பி வருது. அதுக்குக் கொஞ்சூண்டு நேரம் ஆகும். கண்ணாடி ரொம்பத் தூரத்துல இருந்தா?"

"லேட்டா வரும்."

"எங்க கண்ணாடி இருக்கிற தூரத்துக்கு, வெளிச்சம் போயிட்டு வர எண்ணூத்தி எண்பது வருசம் ஆகுதுடா."

"அப்ப நம்ம ஊரு அதுல தெரியுமாக்கா?"

"அந்தக் காலத்து ஊரு தெரியும். ஒரே ஒரு வருசம்தான் அது நம்ம பக்கம் திரும்பி நிக்கும். அப்புறம் போயிரும்."

அந்தக் கண்ணாடி எதனால் ஆனது என்று பெரிய மூளைகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. செத்துப்போன ஒரு விண்மீனைச் சுற்றி ஏதோ வழவழவென்று இறுகிக் கிடக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நிலவுக்கு அப்பால் வரிசையாக மிதக்கும் தொலைநோக்கிகள் அதைப் பார்க்கின்றன. சிறுமலை உச்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், நாங்கள் பன்னிரண்டு பேர் திரையைப் பார்க்கிறோம். ஆளுக்கு ஒரு நாடு, அதாவது அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு வட்டாரம். மற்றவர்களுக்கு அரசனின் படை, யானை, கோயில் தேர் எல்லாம் கிடைத்தன. கடைசியாகச் சேர்ந்த எனக்கு வைகைக்கு வடக்கே கண்மாய்களும் பனைமரமும்தான் வந்து சேர்ந்தன.

ஒவ்வொருவருக்கும் மூன்று பதிவேடு. நிகழ்வு, பிறப்பு, இறப்பு. மேலிருந்து பார்க்கிறோம் என்பதால் எங்களுக்குத் தெரிவது தலைகள்தான். பிறப்பைக் கண்டுபிடிக்க மரத்தில் புதிதாகத் தொங்கும் தூளியைப் பார்க்க வேண்டும். இறப்பு என்றால் ஒப்பாரி வட்டம். பெண்கள் தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாகக் குனிந்து அழுவார்கள் இல்லையா, அது மேலிருந்து தப்பாமல் தெரியும். வட்டத்தைக் கண்டால் இறப்பு ஒன்று என்று குறிக்கலாம் என்பது எங்கள் விதி. வந்து விழும் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க இடம் கிடையாது. நாங்கள் குறித்தது மட்டும் நிற்கும். மற்றது அழிந்துவிடும்.

அந்த ஆண்டு என் பகுதியில் மழை இல்லை. பாவம்தான், ஆனால் அதனால் எனக்கு முகங்கள் கிடைத்தன. சித்திரை போய், ஆடி போய், ஆவணியும் போன பிறகு, வீட்டைவிட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரும் முதல் வேலையாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். நேராக என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் ஒருத்தியின் முகம் எனக்குப் பழகியது. உயரமான பெண். நெட்டச்சி என்று பேர் வைத்தேன். கண்மாயின் கடைசி மடைக்குக் கீழே இருந்த குடிசைகளில் ஒன்று அவளுடையது. புரட்டாசியில் ஒரு சாயங்காலம் அவள் நிழல் தரையில் நீளமாக விழுந்தபோது வயிறு தெரிந்தது. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் நீதிமன்ற உத்தரவு வந்தது.

எங்கள் தலைவர் ஜெசிந்தா மேடம் தூத்துக்குடிக்காரர். எதையும் சுற்றி வளைக்கமாட்டார். உத்தரவை என் மேசையில் போட்டு, "நாச்சி, உன் ஏரியாதான். செம்பிலான் கண்மாய். ஒரு கொலை நடந்துச்சா இல்லியான்னு பாக்கணுமாம்," என்றார்.

உத்தரவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்தக் கண்மாய்த் தண்ணீரில்தான் நான் வளர்ந்தேன்.

கதை இதுதான். கண்மாய்க்குத் தலைமாட்டில் மேலைக்குடி, கால்மாட்டில் கடைக்குடி. அந்த ஆண்டு ஐப்பசி வெள்ளத்தில் கரை நிற்காமல் உடைய, நிறைசூலி ஒருத்தியைக் கரைக்குள் வைத்து மூடினால்தான் நிற்கும் என்று குறி சொன்னார்களாம். மேலைக்குடிக்காரர்கள் கடைக்குடிப் பெண் ஒருத்தியைப் பிடித்துப்போய் மண்ணுக்குள் இறக்கினார்களாம். அவள்தான் கரைகாத்தாள். மடைக்குப் பக்கத்தில் நாளும் நட்சத்திரமும் வெட்டிய கல் இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, ஒவ்வோர் ஆண்டும் மடை திறந்ததும் முதல் மூன்று நாள் தண்ணீர் மேலைக்குடி வயலைத் தொடாமல் கடைக்குடிக்கு வரும். எங்கள் ஊர் நெல்லைத் தின்றதே அந்த மூன்று நாளை வைத்துத்தான். இப்போது மேலைக்குடிக்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கொலை நடந்ததற்கு என்ன அத்தாட்சி, நடக்கவில்லை என்றால் அந்த உரிமையை ரத்துச் செய்ய வேண்டும் என்று.

நான் கடைக்குடிக்காரி என்பது ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. சேரும்போது சொந்த ஊர் என்ற கட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த மதுரையைச் சும்மா எழுதிவைத்திருந்தேன். உத்தரவு வந்த அன்றே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேறு ஆளை உட்காரவைப்பார்கள். நெட்டச்சியை இன்னொருவர் பார்ப்பதா? வாயை மூடிக்கொண்டேன்.

சேவுகன் நாளைக்கு நான்கு முறை போன் செய்தான்.

"ஊர்ல எல்லாரும் உன்னத்தான் கேக்குறாகக்கா. கரைகாத்தா வந்துட்டாளா?"

"வந்தாச் சொல்றேன்டா."

"நீ என்ன எழுதுறியோ அதுதானே கோர்ட்டுக்குப் போகும்?"

"பாக்குறதத்தான் எழுதுவேன்."

"ஆமாக்கா, பாக்குறதத்தான். நான் வேற என்ன சொன்னேன்?" என்று சிரித்தான்.

ஐப்பசி பிறந்ததும் அங்கே வானம் கிழிந்துகொண்டது. ஒன்பது நாள் மேகம். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தேன். கல்லில் வெட்டிய அந்த நாளன்று காலையில் மேகம் கொஞ்சம் விலகியது.

கரையில் கூட்டம். நடுவில் விரிசல், அதில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. மஞ்சள் தோய்த்த சேலையில் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். இடது கையை இடுப்பில் ஊன்றி, காலை அகட்டி வைத்து நடந்து வந்தாள். தலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நெட்டச்சி. நான் திரையைப் பார்த்து "ஓடுடி, ஓடுடி" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் பிறகு சொன்னார். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கரையே இல்லை. குழி இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கடைக்குடிப் பக்கத்து மேட்டில் ஒப்பாரி வட்டம், பதினொரு பெண்கள். அவர்களுக்கு எதிரே மேலைக்குடி ஆண்கள் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்கள்.

அழுதுகொண்டே குறித்தேன். இறப்பு ஒன்று. பெண், நிறைசூலி. விதிப்படி சரியான குறிப்பு. ஜெசிந்தா மேடமும் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

சேவுகன் போனில் வெடிச் சத்தம் கேட்டது. ஊரில் வெடி போடுகிறார்கள். ஒருத்தி செத்தாள் என்று உறுதியானதற்கு வெடியா என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிவிட்டேன். எனக்கும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள் வெள்ளம் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கிழக்கே திருப்பினேன். இரண்டு காதம் தள்ளி, கடலை நோக்கிப் போகும் மணல்மேட்டில் ஒரு பனங்கூட்டம். அடியில் ஓர் ஆண் ஓலையை விரித்துப் பிடித்திருந்தான். ஒரு பெண் படுத்திருந்தாள், இன்னொருத்தி குனிந்து நின்றாள். படுத்திருந்தவள் மேல் மஞ்சள் சேலை. கொஞ்ச நேரத்தில் குனிந்தவள் கையில் எதையோ தூக்கிப் பிடித்தாள். சின்னதாக, சிவப்பாக, கையைக் காலை உதைத்துக்கொண்டு. படுத்திருந்தவள் வானத்தைப் பார்த்தாள்.

அந்த முகம். இரண்டு மூன்று முறை இமைக்கும் நேரம். பிறகு ஓலை மறைத்துவிட்டது.

குறித்தேன். கையே குறித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிறப்பு ஒன்று. தாய் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

பிறகு ஒப்பாரிப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். பதினொரு பேரில் பத்துப் பேர் குனிந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் வேறொருத்தி பார்க்கிறாள். அதற்கடுத்ததில் இன்னொருத்தி. முறைவைத்துப் பார்க்கிறார்கள். அவள் தப்பிப் போவதை மறைக்கத்தான் அந்த அழுகை, போகிறவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும். மேகம் மூடிய அந்த இரண்டு மணி நேரத்தில் யார் அவளை விடுவித்தார்கள், எப்படி ஓடினாள், எதுவும் தெரியாது. இனி யாருக்கும் தெரியவும் வராது.

என் ஊர்ப் பெண்கள் என்று ஒரு பெருமை வந்தது. அடுத்த நொடியே உறைத்தது. அவள் சாகவில்லை என்றால் தண்ணீர் போச்சு.

ஒரு மாதம் வாயைத் திறக்காமல் திரிந்தேன். அறிக்கை அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது.

புதன்கிழமை பார்வையாளர் நாள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். "மேலைக்குடிங்க. பேரு வயிரவன். கேசு போட்டதே நான்தான். நீங்க குறிச்ச அந்தப் படத்தை ஒரு தடவ பாக்கலாமா தாயி?" என்றார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து விறைப்பாகவே காட்டினேன். சேற்றில் விழுந்து கிடந்த ஆண்களைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றினார்.

"எங்காளுகதான். செஞ்சுதான் இருக்காக," என்றார். "செஞ்சிருக்கமாட்டாகன்னு ஒரு ஆசை."

"தண்ணி போயிருச்சேன்னு வருத்தமா?" என்றேன், குத்தலாகத்தான்.

"தண்ணி கெடக்கு. தண்ணிக்குன்னு போட்டாத்தான் கோர்ட்டு எடுக்கும். பயமா இருக்குன்னு கேசு போட முடியுமா?"

"என்ன பயம்?"

"மேலைக்குடி எல்லைக்குள்ள எந்தப் பொம்பளையும் புள்ள பெத்துக்கிறது இல்ல தாயி. அன்னைக்கிலேருந்தே. பெத்தா கரைகாத்தா கேப்பாளாம், என் புள்ள எங்கேன்னு. ஏழாம் மாசமே வெளியூருக்கு அனுப்பிருவோம். எங்க ஊர்லதான் கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரி இருக்கு. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பிரசவம் அங்கதான். எங்க பொம்பளைக மட்டும் அதைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போவாக." அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "போன வருசம் என் மருமகளுக்கு நாளுக்கு முன்னாடியே வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. நான்தான் கார்ல ஏத்துனேன். தரைப்பாலத்துல தண்ணி. பாதி வழியிலேயே ரத்தம் நிக்கல. ரெண்டு உசுரும் போச்சு. இப்ப எம் மக சொகந்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கு. உள்ளூர்லதான் குடுத்திருக்கேன்."

நான் எழுந்து ஜன்னலருகே போனேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தம்பி வயல் ஞாபகத்துக்கு வந்தது. கடைக்குடியில் யாரும் இதை நினைத்தே பார்த்ததில்லை. மேலைக்குடிக்காரன் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சுகமாக இருக்கிறான் என்றுதான் எங்கள் கணக்கு.

பனங்கூட்டத்துப் படத்தைத் திறந்தேன்.

"ஐயா, இதையும் பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். "புள்ள?" என்றார்.

"பொறந்துச்சு. உதைச்சுக்கிட்டு இருந்துச்சு."

அந்தப் பெரிய மனிதர் என் மேசையில் தலையை வைத்து அழுதார். எனக்கும் நிற்கவில்லை.

ஜெசிந்தா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், சொந்த ஊர் உட்பட. அவர் கத்தவில்லை. கரையில் நடந்து வந்தவள் படத்தையும் பனங்கூட்டத்துப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியில் போட்டார்.

"எழுபத்தோரு சதவீதம்தான் சொல்லுது. வெள்ளத்துல ஓடுன மாசமான பொம்பள அவ ஒருத்திதானா? மஞ்சச் சேலை ஊர்ல ஒண்ணுதானா?"

"எனக்கு அந்த முகம் தெரியும் மேடம். புரட்டாசி முழுக்கப் பாத்தேன்."

"உனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு எழுபத்தொண்ணுதான். அதுவே போதும், செத்தான்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு ஆயிரும். உங்க ஊருத் தண்ணி போகும். உன் வேலையும் போகும், ஊரை மறைச்சதுக்கு நான் எழுதித்தான் ஆகணும். அனுப்பவா?"

"அனுப்புங்க."

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. பங்குனி முடியும் முன் தீர்ப்பு வந்தது. கரைகாத்தாள் இறந்ததற்கு ஆதாரம் போதாது, முதல் மூன்று நாள் உரிமை ரத்து. அந்த வாரமே கண்ணாடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆயிரத்து நூற்று எண்பத்தொன்று முடிந்துபோயிற்று.

சேவுகன் ஒரே ஒரு முறை பேசினான்.

"மூணு நாள்தானேன்னு உங்களுக்குத் தோணும். நாலாம் நாள்லேருந்து மேலேயே உறிஞ்சிருவாக. எங்களுக்குச் சேறுதான் வரும்."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன் 'நீங்க' என்றான். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

"சேவுகா, அவுக ஊருல..."

"கேள்விப்பட்டேன். அவள ஓடவிட்டவுக நம்ம ஆளுக. எண்ணூத்தி எண்பது வருசம் வாயத் தொறக்கல. உங்களால ஒரு மாசம் முடியல." வைத்துவிட்டான்.

திண்டுக்கல்லில் ஒரு டுடோரியலில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பிலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன் என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள். நெட்டச்சியின் முகத்தை மனதில் எத்தனையோ முறை வரவழைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. சில நாள் அவள் மூக்கு எப்படி இருந்தது என்றே சந்தேகமாகிவிடும்.

மறு ஐப்பசி. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நல்ல மழை. போன் அடித்தது. வயிரவன்.

"தாயி, சொகந்திக்கு வலி எடுத்துருச்சு." அவர் குரலுக்குப் பின்னால் பெண்கள் சத்தம். "இங்கதான் பாக்குறதுன்னு பேசி வச்சிருந்தோம். டாக்டரம்மாவும் ஆஸ்பத்திரில காத்துக்கிட்டு இருக்கு. ஆனா வலி வந்ததும் எல்லாரும் பயந்துட்டாக. டவுனுக்கே கொண்டு போயிரலாங்குறாக. கார் வாசல்ல நிக்குது, கதவத் தொறந்து வச்சிருக்காக. தரைப்பாலத்துல முழங்காலுக்குத் தண்ணி போகுதாம். எம் மக உங்களக் கேக்கச் சொல்லுச்சு."

"என்ன கேக்கணும்?"

"பனமரத்தடியில நீங்க பாத்தது அவதானே? வேற பொம்பள இல்லையே?"

சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன்.

எழுபத்தொன்று என்றது கருவி. மிச்சம் இருபத்தொன்பதில் வேறு யாரோ ஒருத்தி வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பெற்றாள், நெட்டச்சி கரைக்குள் கிடக்கிறாள். கிழக்கே பார்த்த பெண்கள்கூட வெள்ளத்தைத்தான் பார்த்தார்களோ என்னவோ. திரும்பிப் பார்க்க அந்த ஆண்டு இனி இல்லை. தெரியாது என்பதுதான் நாணயமான பதில். அதைச் சொன்னால் கார் கிளம்பிவிடும். அவள்தான் என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால், மேலைக்குடியின் பயம் இன்னும் எத்தனை நூறு ஆண்டானாலும் அடங்காது.

"தாயி?"

"அவதான்யா," என்றேன். "அவளேதான். எனக்கு நல்லாத் தெரியும். கார் கதவைச் சாத்துங்க. ரெண்டு தெருதானே, பிடிச்சுக்கிட்டு நடந்தே கூட்டிட்டுப் போங்க."

அவர் யாரிடமோ ஏதோ சொன்னார். மழைச் சத்தத்துக்கு நடுவே கதவு அறைந்து சாத்தப்பட்டது. பிறகு நிறைய காலடிகள், தண்ணீரில். போனை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டுவிட்டார் போல.

நானும் வைக்கவில்லை.